பாயின் இரண்டு முனைகள்

கண்ணு,

இன்று காலை எழுந்ததும் முதலில் உன் வெள்ளை பேண்ட்டைத் துவைத்தேன். அதில் கறையே இல்லை. பந்தைத் தேய்த்துத் தேய்த்து வலது தொடையில் நீ உண்டாக்கி வைக்கும் சிவப்புத் தடத்தோடு இத்தனை வருடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்போது அது இல்லாத துணியை என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. போன வாரமும் துவைத்தேன், அதற்கு முந்தின வாரமும். கொடியில் விரித்துப் போடும்போது உன் அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத்தான் போன வாரமே துவைச்சியே" என்றார். நான் கிளிப்பை மாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தேன். அவரும் மேலே கேட்கவில்லை. நம் வீட்டில் கேட்காமல் விட்ட கேள்விகள் நிறைய. அவற்றில் ஒன்றுக்காவது பதில் எழுதிவிடலாம் என்று கல்லூரி நூலகத்துக்கு இன்று லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கன்னடத்தில் எழுதினால் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பந்து போடுவது, பைக் ஓட்டுவது, சோறு தின்பது, முடிவெடுப்பது என்று எல்லாவற்றிலும் உனக்கு அவசரம். இதையாவது மெதுவாகப் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ பெங்களூரிலிருந்து வந்து, கிட் பேகைச் செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில் போட்டாய். என்ன ஆச்சு என்றேன். "பேடம்மா, எதுவும் கேக்காத" என்றாய். அப்பாவிடம் மட்டும், "இனி இல்லப்பா, போதும்" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், பிறகு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அப்பா உன்னைப் பொருட்படுத்தவில்லை என்று நீ நினைத்திருப்பாய். டிவியில் விளம்பரம்தான் ஓடியது, அவர் கண் உன் கிட் பேகின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். மறுநாள் கிட் பேகை இங்கேயே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாய். உன் கூட ஆடுகிற பையனிடம் கேட்டுத்தான் நடந்ததைத் தெரிந்துகொண்டேன். நீ போட்ட பவுன்சர், நவீன் என்ற எதிரணிப் பையனின் ஹெல்மெட் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் புகுந்து கன்ன எலும்பை உடைத்துவிட்டது. கண் தப்பியது. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ அவனைப் போய்ப் பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை அந்த நவீன் எனக்கு போன் செய்தான். "ஆன்ட்டி, அவன் போனே எடுக்க மாட்டேங்கறான். உங்க நம்பரை டீம்ல ஒருத்தன்கிட்ட வாங்கினேன்" என்று கன்னடத்தில் சொன்னான். வாயை முழுதாகத் திறக்க முடியாமல் பேசுகிறான் என்பது தெரிந்தது. "அது நல்ல பந்து ஆன்ட்டி. நான்தான் கடைசில பந்து மேலேர்ந்து கண்ணை எடுத்துட்டேன். அவன்கிட்ட சொல்லுங்க. நான் திரும்பி ஆட வர்றப்போ அவன் இல்லைன்னா..." பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "சாக்கு, மாத்தாட பேடா" என்றது. பேசியது போதும் என்று அதட்டுகிற அவன் அம்மா. போன் நின்றுவிட்டது. அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்குப் பழக்கமானது. அதே குரலில் என் அம்மா பேசிக் கேட்டிருக்கிறேன்.

உன் பழனி மாமாவுக்கு இடது காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். மேட்சில் பந்து பட்டது என்பதும் தெரியும். கொள்ளேகாலில் அவன் மோட்டார் பம்ப் கடைக்குப் போகும்போதெல்லாம், "கடன் கேக்கறவங்க இந்தப் பக்கம் உக்காருங்க" என்று இடது பக்க ஸ்டூலைக் காட்டுவானே, அதைப் பார்த்து நீ எத்தனை முறை சிரித்திருக்கிறாய். அந்தப் பந்தைப் போட்டது யார் என்று மட்டும் உனக்கு யாரும் சொல்லவில்லை. போட்டது உன் அப்பா.

கொஞ்சம் நிறுத்திவிட்டு, பிறகு மேலே படி.

அப்போது நான் மைசூரில் டிகிரி கடைசி வருடம். உன் மாமா ஊர் லீக்கில் ஒரு சின்ன கிளப்புக்கு முதல் ஆளாக இறங்குவான். ஆபீசில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தானே தவிர, மனம் முழுக்கப் பழைய ஆட்டக்காரர்களிடம்தான் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த அந்த உயரமான பந்துவீச்சாளர்களைப் பற்றி அவன் சொன்னால் நானே கைவேலையை விட்டுவிட்டுக் கேட்பேன். ஒருவர் ஓடி வரும் காலடிச் சத்தம் பக்கத்தில் நிற்கும் அம்பயருக்குக்கூடக் கேட்காதாம். ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர், அவரும் ஓய்ந்தால் மூன்றாமவர், நாள் முழுக்க மூச்சுவிட நேரமிருக்காதாம். அவர்களுக்கு எதிரே ஹெல்மெட் இல்லாமல் நின்ற நம் குள்ளமான தொடக்க ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லும்போது மாமா தன்னை அறியாமல் நுனிக்காலில் எழும்புவான். அடிபட்டு ரத்தம் வழிய உள்ளே போய், தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி வந்த பவுன்சரையே ஹூக் செய்து சிக்ஸருக்கு அனுப்பிய இன்னொருவரின் கதையை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கரண்டியோடு எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். எதிரணியில் இருந்த ஒருவரோ, தலையில் வெறும் தொப்பி, வாயில் சூயிங்கம், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி மைதானத்துக்குள் வருவாராம். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு மாமா சேர்த்தது என்று எனக்குத் தெரியாது. அவன் முழுதாக நம்பினான்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். மேட்ச் உள்ள காலையில் அவனால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவான். அதனால்தான் மதியச் சாப்பாட்டை நான் மைதானத்துக்கே கொண்டுபோவேன். பயமே இல்லாதவன் என்று ஊரில் பேர் வாங்கியவனின் தட்டை எடுத்துக் கழுவியவள் நான். பழைய ஆட்டக்காரர்களின் வீட்டிலும் தொடாத தட்டுகள் இருந்திருக்கும். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

உன் அப்பா கௌதள்ளியிலிருந்து படிக்க வந்து, ஹாஸ்டலில் தங்கி, வேறொரு கிளப்புக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். கேழ்வரகுக் காட்டில் கிளி விரட்டக் கல் எறிந்த தோள் என்று மாமா பிற்பாடு கேலி செய்வான். அவருக்கும் அதே பழைய ஆட்டக்காரர்கள்தான் தெய்வம், ஆனால் பந்து போடுகிற பக்கத்துத் தெய்வங்கள்.

அந்தக் காலத்தில் சின்ன கிளப்புகளின் மைதானத்தில் புல்லோ களிமண் பிட்ச்சோ கிடையாது. கெட்டித் தரையின் மேல் தென்னை நாரில் நெய்த நீளப் பாயை விரித்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடித்துத்தான் ஆட்டம். பாயை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறார்களோ அவ்வளவு பந்து எகிறும். ஆகவே, ஆட்டம் தொடங்கும் முன் பந்து போடுகிற அணி இழுக்கும், பேட் பிடிக்கிற அணி தெரியாத மாதிரி மிதித்துத் தளர்த்தும். இது ஊர் வழக்கம், எல்லோரும் செய்வது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த இரண்டு கிளப்பும் மோதிய அன்று உன் அப்பா ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. பேட் பிடிக்கப் போகிற உன் மாமா போய்ப் பிடித்தான்.

"ஏனுங்க, நீங்க முதல்ல இறங்கறவர்தானுங்களே? நீங்களே இழுக்கறீங்க?" என்று அப்பா கேட்டார்.

"இழுப்பா, இழு. தொளதொளன்னு கெடந்தா அது ஆட்டமா? கட்டில் கயிறு மாதிரி இருக்கணும். தீவுல அவங்க ஆடினது இப்படித்தான்" என்றான் மாமா.

அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரெதிரே சாய்ந்து இழுத்தார்கள். நான் சித்ரான்ன டப்பாவோடு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவொரு சந்தோஷம் அந்த இரண்டு முகத்திலும்! இரண்டு பேருமே தங்கள் கதைகளுக்குள் நுழையப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் கிளப்பில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹெல்மெட். "லோ பழனி, ஹெல்மெட் தகொள்ளோ!" என்று கத்திக்கொண்டே ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். "அந்த அண்டாவை நீயே கவுத்துக்கோ" என்று பேட்டால் தள்ளிவிட்டு உள்ளே போனான் மாமா. முதல் ஓவரில் இரண்டு ஹூக், இரண்டும் பவுண்டரி. அடித்துவிட்டு, "ஏன் தம்பி, கௌதள்ளியில வேகம்னா இவ்வளவுதானா?" என்று கேட்டான். உன் அப்பா, ஓட்டம் தொடங்கும் தன் அடையாளக் கோட்டைத் தாண்டி இன்னும் நாலைந்து அடி பின்னால் போய் நின்றார். வெறுந்தலையோடு நிற்கிறவனுக்குப் பவுன்சர் போடாமல் விட்டால் அது அவனை அவமதிப்பது என்று நினைத்தாராம். இதை அவர் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் சொன்னார். கண்ணு, கிரிக்கெட்டை இந்த அளவுக்கு மதித்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பந்து காதுக்குமேல் பட்டது. தேங்காய் உடைந்த சத்தம் என்று அங்கிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. யாரோ கதவை ஒரே ஒரு தடவை தட்டியதைப் போலத்தான் இருந்தது.

மறுநாள் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உன் அப்பா வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். கூட அவர் அணியிலிருந்து ஒருவரும் இல்லை, ஊரிலிருந்து ஒரு பெரியவரும் இல்லை. கையில் இரண்டு இளநீர். என் அம்மாவைப் பார்த்து, "நான்தானுங்க பந்து போட்டது" என்றார்.

அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. அவரிடம் கேட்டாள்: "ஏஞ்சாமி, அவன் மேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்கம்மா."

"கோவமில்லாமயா இத்தன வேகமாப் போட்டே?"

உள்ளே கட்டிலிலிருந்து, தலை முழுக்கக் கட்டோடு மாமா முனகினான்: "அம்மா, கோவத்துல போட்டிருந்தா வைடாப் போயிருக்கும். விடு, அவனை உள்ள வரச் சொல்லு." நான் சிரித்துவிட்டு உடனே அழுதேன். அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். காது போனது உறுதியான அன்றும் வந்தார். "ஒரு காதை எடுத்துக்கிட்ட, தங்கச்சியையும் எடுத்துக்கிட்டுப் போ" என்று மாமா ஒருநாள் சொன்னான். அந்த ஜோக்கை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் மறுக்கவுமில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்போம். மழைக்காலம் முடிந்து மாமா திரும்ப ஆட வந்தான். ஒரு காது போனதில் நடையில் ஒரு சாய்வு இருந்தது. ஆனாலும் அந்த அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு வலைப்பயிற்சிக்கு வந்து நின்று, உன் அப்பாவைப் பந்து போடக் கூப்பிட்டான். அவர் போட்டார். மெதுவாக, கால் பக்கம், குழந்தைக்குப் போடுகிற மாதிரி. மாமா மூன்று பந்தைத் தடுத்தான். நான்காவது பந்து வரும்போது பேட்டைத் தூக்கி எறிந்தான். "என்னடா, பிச்சையா போடற? காதுதான் போச்சு, நான் இருக்கேன்டா இங்க!" என்று கத்தினான். வேகமாகப் போடத்தான் அப்பா முயன்றார். அடுத்த பந்துக்கு ஓடி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கை வரவில்லை. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஆட்டத்தை விட்டார்கள். "அவன் பந்து என் காதை எடுத்துச்சு, அவன் பாவம் பாத்தது என் ஆட்டத்தை எடுத்துச்சு" என்று மாமா என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான். உன் அப்பாவிடம் சொன்னதில்லை.

சிறு பையனாக நீ காம்பவுண்ட் சுவரில் பந்தை எறிய ஆரம்பித்தபோது உன் கையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவன் மாமாதான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். "பையனுக்கு எதுவும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கை தயங்கும்" என்றான் மாமா. நாங்கள் ஒத்துக்கொண்டோம். அப்பாவின் பழைய கூட்டாளிகளும் வாயைத் திறக்கவில்லை. இன்று யோசித்தால், உன் கை தயங்கக் கூடாது என்று நாங்கள் மறைத்தது, கை தயங்கிய இந்த நேரத்தில் உன்னைத் தனியாக விட்டுவிட்டது. நானோ அந்த வலைப்பயிற்சி நாளுக்குப் பிறகு ஒரு மைதானத்திலும் கால் வைக்கவில்லை. "அம்மா, எல்லா பசங்களோட அம்மாவும் வர்றாங்க, நீ மட்டும் ஏன் வர்றதில்ல?" என்று நீ கேட்பாய். எனக்கு வெயில் ஒத்துக்காது என்பேன். மைசூர் வெயிலா ஒத்துக்காது! நீயும் நம்பினாய், அல்லது நம்பியது போல இருந்துவிட்டாய்.

பந்து போடு என்று சொல்ல இதை எழுதவில்லை. போடாதே என்று சொல்லவும் எழுதவில்லை. அந்த வார்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இந்த ஆட்டத்தின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. உண்மையைச் சொன்னால், நீ கிட் பேகைக் கீழே போட்ட அன்று ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நவீனின் போன் வந்த பிறகு அது போய்விட்டது. மாமா சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. வெகு காலத்துக்கு முன்னால் தீவுகளில் நம் அணித் தலைவருக்குத் தலையில் அடிபட்டு, பிழைப்பாரா என்று தெரியாமல் கிடந்தபோது, ரத்தம் கொடுக்க வந்தவர்களில் எதிரணித் தலைவரும் இருந்தாராம். மாமா இதை அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த சிக்ஸருக்குப் போய்விடுவான். நான்தான் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பேன். மற்ற கதைகளில் எல்லாம் ஆட்டம் மட்டும்தான் இருந்தது. இதில்தான் ஒரு ஆஸ்பத்திரி வந்தது, அங்கே எதிர்ப்பக்கத்து ஆளும் வந்து நின்றார்.

நீ நவீனிடம் போகாமல் இருப்பது வெட்கத்தினால் என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்க்கப் பயம். ஆனால் அவன் கேட்பது மன்னிப்பு இல்லை, கண்ணு. தான் திரும்பி வரும்போது தனக்கு முழு வேகத்தில் பந்து போட ஒருவன் இருப்பானா என்று கேட்கிறான். உன் அப்பா தினமும் இளநீரோடு போனார், ஆனால் அந்த முழு வேகத்தைக் கொடுக்க அவரால் முடியவில்லை. உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாவிட்டால் அதையும் நேரில் போய் அவனிடம் சொல். போனை எடுக்காமல் இருப்பது எந்தப் பதிலும் ஆகாது.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது, மாமாவிடமும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மண்டியா போகிறேன். நவீனின் வீடு அங்கேதான். உன் அப்பா அன்று வராந்தாவில் தனியாக நின்றதை நான் பார்த்தவள். பந்து போட்டவனுக்கும் வீட்டு மனிதர்கள் உண்டு என்று அன்று யாரும் வந்து நிற்கவில்லை. நான் போய் நிற்கப் போகிறேன். "நான்தான் பந்து போட்ட பையனோட அம்மா" என்பதைக் கன்னடத்தில் காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தம்மா என்ன கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். என் மகன்மேல் உன் மகனுக்கு என்ன கோபம் என்றுதான் கேட்பாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

நீ பெங்களூரிலிருந்து வந்தால் மண்டியா ஸ்டேஷன் வாசலில் பார்ப்போம். வராவிட்டாலும் நான் போவேன். பேண்ட் காய்ந்துவிட்டது. மடித்து என் பையில் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா